எங்கள் வீட்டில் சண்டை நின்றுவிட்டது

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் தக்காளியைக் கையால் பிய்த்துத்தான் சமையல். வீட்டில் கூரான சாமான் அத்தனையையும் அண்ணன் ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டினான். சாவியை யாருக்கும் தெரியாத இடத்தில் ஒளித்தான். இப்போது அந்த இடம் அவனுக்கும் தெரியவில்லை. கத்தி, கத்தரிக்கோல், நகவெட்டி, முள்கரண்டி, என்ன நினைத்தானோ ஒரு ஸ்டேப்ளர், எல்லாம் உள்ளே. அண்ணி பூசணிக்காயைத் தரையில் போட்டு உடைத்தாள். ஒரு துண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. குளிக்கும்போது நான் சத்தமாக வாய்ப்பாடு சொல்ல வேண்டும், இதுவும் அண்ணன் ஏற்பாடுதான். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறான். சத்தம் நின்றால் தட்டுவான். முதலில் பாடச் சொன்னான். எனக்குப் பாட வராது. அவன் கணக்கு வாத்தியார், ஆகவே வாய்ப்பாடு. இன்று முகத்துக்குச் சோப்புப் போட நடுவில் நிறுத்தினேன்.

"பாப்பா! பாப்பா! பதிமூணு ஏழு?" என்று வெளியே ஒரே அலறல்.

"தொண்ணூத்தொண்ணு!"

"கரெக்ட், கரெக்ட்" என்றான். குரல் அழுகிற மாதிரி இருந்தது.

எனக்கு வயது நாற்பத்தொன்று. பாப்பா!

மார்ச் 5, வியாழன்

இன்று வேண்டுமென்றே பதிமூணு ஏழு நூறு என்றேன். "ஆமாம் பாப்பா, நூறு" என்றான். கணக்கு வாத்தியார்!

மார்ச் 6, வெள்ளி

ஃபேனைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

ஹாலில் ஒரே ஒரு ஃபேன். எனக்கு இரண்டில் ஓட வேண்டும், அண்ணிக்கு ஐந்தில். அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்குள் நடப்பது இந்தச் சண்டைதான். நான் குறைப்பேன், அவள் கூட்டுவாள். "மகாராணிக்குக் குளிருதோ? மகாராணி போர்வையோட பொறந்தாங்களோ?" என்பாள். "உங்களுக்குள்ள அடுப்பு எரிஞ்சா ஊரே காத்து வாங்கணுமா?" என்பேன். இதற்காக நாங்கள் நாள் கணக்கில் பேசாமல் இருந்ததுண்டு. பேசாமல் இருந்த நாட்களில் அண்ணன் நடுவில் நின்று தபால்காரன் வேலை பார்ப்பான்.

இப்போது நாள் முழுக்க ஃபேன் இரண்டில் ஓடுகிறது. அண்ணியின் ரவிக்கை முதுகில் ஒட்டிக்கிடக்கிறது, கழுத்தில் வியர்வை வழிகிறது, அதோடு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். பல் எல்லாம் தெரியும்படி. "வசதியா இருக்காம்மா பாப்பா?" என்கிறாள். மகாராணி எங்கே போனாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அறிவிப்பாளர் இதைக் கவனித்துவிட்டார்.

அறிவிப்பாளர் யார் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை, ஆனாலும் எழுதிவைக்கிறேன். என் இடது காதுக்குச் சற்று மேலே இருக்கிறார். இருபது சொச்சம் வயதிலிருந்து இருக்கிறார். டாக்டரம்மா இதற்கு வைத்திருக்கும் பெயர் மனச்சிதைவு. இடிந்த கட்டடத்துக்கு வைத்த பெயர் மாதிரி இருக்கிறது என்றேன், சிரித்தாள். அறிவிப்பாளர் ரயில் நிலையத் தமிழ்தான் பேசுவார். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு, தங்கள் சட்டையின் மேல் பித்தான் கழன்றுள்ளது.' இப்படித்தான் வருடக்கணக்கில் ஓடிற்று. பாதி நாள் உபயோகமாகவும் இருந்தது. போன வருடக் கடைசியில்தான் 'தங்கள் வண்டி புறப்படத் தயாராக உள்ளது' என்று ஆரம்பித்தார். ஜனவரியில் நான் ஏற இருந்தேன். அண்ணன் கதவை உடைத்து இறக்கிவிட்டான். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

இன்று அவர் சொன்னது: 'கவனிக்கவும். வழியனுப்ப வந்தவர்கள்தான் இப்படிச் சிரிப்பார்கள்.'

மார்ச் 9, திங்கள்

முதலாளி வந்தார். பட்டறைக்கு நான் இன்னும் போக முடியாது என்பதால் பட்டறையையே இங்கே அனுப்பிவிட்டார்.

எங்கள் தொழில் துணிக்கடைப் பொம்மைகளைப் பழுது பார்ப்பது. மூக்கு உடைந்தது, விரல் போனது, கண்ணாடிக்குப் பின்னால் வெயில் பட்டு நிறம் வெளுத்தது எல்லாம் வரும். பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சாயம் அடித்து அனுப்புவோம். என் கை, பொம்மை விரல் செய்வதில் தேர்ந்தது. உலகத்தில் எனக்கு நிம்மதியான இடம் அந்தப் பட்டறைதான். அத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருவரும் பேசுவதில்லை.

ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தபோது முதலாளி பழம் கொண்டுவரவில்லை. ஒரு துணிப்பை நிறைய கை கொண்டுவந்தார். பை கிழிந்து வார்டு வாசலில் கைகள் உருண்டன. ஒரு நர்ஸ் போட்ட சத்தத்தில் அடுத்த கட்டடத்திலிருந்து காவலாளி ஓடிவந்தார். முதலாளி குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே, "இடது கை நாலு, வலது கை ஒண்ணுதான், மத்தது எங்கம்மா போச்சு?" என்று அந்த நர்ஸையே கேட்டார். பிறகு என்னிடம் வந்து, "மோதிர விரல் எல்லாம் உங்களை நம்பித்தான் இருக்கு. எப்ப வர்றீங்க?" என்றார். உடம்பு எப்படி, மனசு எப்படி என்றெல்லாம் ஒன்றும் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகப் பசித்தது.

இன்று கொண்டுவந்தது இரண்டு உதிரிக் கையும் ஒரு முழுப் பொம்மையும். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த பெண். பாதம் உடைந்திருக்கிறது. "அவசரமில்ல. ஆனா சீக்கிரம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 11, புதன்

காலையில் ரொட்டி தின்றுகொண்டே, யோசிக்காமல், "இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே, ஏன் எல்லாரும் சீக்கிரம் எழுந்துட்டீங்க?" என்றேன். மருந்தில் நாள் கிழமை குழம்புகிறது.

அண்ணன் சட்டை போட்டு, ஷூ மாட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றிருந்தான். அண்ணியைப் பார்த்தான். அண்ணி அவனைப் பார்த்தாள். "ஆமாம் பாப்பா, ஞாயிறுதான்" என்று சொல்லி உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். அறைக்குள் போய்ப் பள்ளிக்குப் போன் பண்ணி, தனக்கு வயிற்றுப்போக்கு என்று கிசுகிசுத்தான். அண்ணி வேலைக்காரிக்குப் போன் பண்ணி, இன்று ஞாயிறு, வரவேண்டாம் என்றாள். வேலைக்காரிக்கு என்ன புரிந்ததோ, சம்பளம் பிடிக்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம்.

மத்தியானம் செய்தித்தாளில் புதன் என்று பார்த்தேன். போய்க் கேட்டேன். "அதுவும் சரிதான் பாப்பா" என்றான்.

அதுவும் சரிதானா? எப்படிடா சரியாகும்?

மார்ச் 12, வியாழன்

சோபாவைக் குளியலறையில் போட்டால் என்ன என்று சும்மா கேட்டேன். அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 14, சனி

சிரித்துச் சிரித்து எழுதிக்கொண்டிருந்தேன். இன்று சிரிப்பு வரவில்லை.

இத்தனை வருடமாக எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தால் சமையலறைப் பக்கம் திரும்பி, "அண்ணி, யாராவது கூப்பிட்டாங்களா?" என்பேன். "உன்னை எவன் கூப்பிடப் போறான்? வேலையப் பாரு" என்று பதில் வரும். அவ்வளவுதான். அது அறிவிப்பாளர் வேலை என்று தெரிந்துவிடும், நான் பாட்டுக்கு இருப்பேன். என்னை நிலையாக வைத்திருந்தது மாத்திரை பாதி என்றால் அண்ணியின் எரிச்சல் பாதி.

இன்று கேட்டேன். "அண்ணி, யாராவது கூப்பிட்டாங்களா?"

அண்ணி கரண்டியோடு வெளியே வந்து, அதே பல்லோடு, "ஆமாம்மா, கூப்பிட்ட மாதிரிதான் இருந்துச்சு" என்றாள்.

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன், யாரும் இல்லை. மாடிப்படியில் பார்த்தேன், யாரும் இல்லை. அப்படியானால் யார் கூப்பிட்டது? இவளுக்கும் கேட்கிறதா? எனக்குக் கேட்பதெல்லாம் நிஜமா? வண்டியும் நிஜமா? இந்த வீட்டில் எதை இடித்துப் பார்த்தாலும் பஞ்சாக இருக்கிறது. சுவரே இல்லாத வீட்டில் எங்கே சாய்ந்துகொள்வது? எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்ல? சொன்னால் அதற்கும் ஆமாம் என்பார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

அண்ணன் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், வாய் கேட்டுவிட்டது.

"நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதியா இருக்கும், இல்ல?"

தலையைத் தூக்கவில்லை. சிவப்புப் பேனா ஒரு கணக்கின் மேல் போய்க்கொண்டே இருந்தது.

"ஆமாம் பாப்பா" என்றான்.

மார்ச் 18, புதன்

பழக்கதோஷத்துலதான் சொன்னான். எனக்குத் தெரியும். காதுல விழுந்தே இருக்காது. பதிமூணு ஏழு நூறுன்னு சொன்னவன்தானே. ஞாயிறுன்னா ஞாயிறு, புதன்னா புதன்.

தெரிஞ்சு என்ன பண்றது? சொல்லிட்டானே — வெளியிலேருந்து, ஒரு மனுஷன் வாயால. அறிவிப்பாளருக்கு இது போதும். காலையிலேருந்து ஓயல. 'உறுதி செய்யப்பட்டது, உறுதி செய்யப்பட்டது.' அவர் குரல்ல இவ்வளவு சந்தோஷம் நான் கேட்டதே இல்ல.

மார்ச் 19, வியாழன்

நாளைக்கு ஒரு சோதனை வைக்கப்போகிறேன். பாதம் காய்ந்துவிட்டது, பொம்மை தயார். அதை என் நாற்காலியில் ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்து, என் ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, தலையில் என் ஈரத்துண்டைச் சுற்றிவிட்டு, நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் இருப்பேன். விளக்கு வைக்கும் வரைக்கும் ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் அறிவிப்பாளர் சொல்வது சரி. பொம்மை போதும். நான் கிளம்பலாம்.

மார்ச் 20, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

அண்ணன் பள்ளிக்குப் போகும் முன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "மாத்திரை போட்டியா பாப்பா?" பொம்மை பேசவில்லை. "சரி பாப்பா" என்று போய்விட்டான். இரண்டு நிமிடத்தில் திரும்ப வந்து, "சாப்பாட்டுக்கு முட்டை வேணுமா, வேண்டாமா?" என்றான். மௌனம். "ஆமாம், அதுவும் நல்லதுதான்" என்றான். மௌனத்துக்கே ஆமாம் போடுகிறவனை என்ன செய்வது! நான் தரையில் ஒரு பொம்மைக் கையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் அழுதேன். சோதனையில் பாதி முடிந்துவிட்டது.

மத்தியானம் அண்ணி வந்தாள். தேநீர் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைக்கிற சத்தம். கட்டிலில் உட்கார்ந்தாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், அவளுக்கு முன்னால் பொம்மையின் முதுகு.

"இந்த ரூம் ஃபேனைக் கொஞ்சம் கூட்டிக்கட்டுமா பாப்பா?" என்றாள். பதில் இல்லை. "சரி, வேணாம்" என்றாள். முந்தானையால் விசிறிக்கொள்ளும் சத்தம். அப்புறம் வந்தது பாருங்கள்.

"என்னால முடியலடி. சிரிச்சு சிரிச்சுத் தாடை வலிக்குது. ராத்திரி தூங்கும்போதுகூட என் மூஞ்சி சிரிச்சுட்டே இருக்காம், உன் அண்ணன் சொல்றார். ஒரு வார்த்தை திட்டேன் என்னை. குழம்புல நேத்து உப்பே போடல, வேணும்னுதான் போடல. நல்லா இருக்குங்கற மாதிரி தட்டக் கழுவி வெச்சிருந்த. இந்த வீட்டுல நான் யார்கூடப் பேசறது? உங்க அண்ணன்கூடவா? அவர்கூடச் சண்டை போடறது தண்ணியில எழுதற மாதிரி. உன்கூடதான்டி எனக்குப் பொழுது போச்சு, இத்தனை வருஷமா."

மூக்கை உறிஞ்சினாள். அடுத்தது மெதுவாக வந்தது.

"அன்னிக்குக் காலையில ஃபேனுக்குத்தானே சண்டை போட்டேன். செத்தா கூட காத்து வராத வீடுன்னு கத்தினேன். சாயங்காலம் நீ... அதனாலதானோன்னு அன்னிலேருந்து என் வயிறு எரியுது. இனிமே வாயே திறக்கறதில்லன்னு முடிவு பண்ணேன். போட்டுக்கோ, ரெண்டுலயே போட்டுக்கோ, சைபர்ல போட்டுக்கோ. வெந்து செத்தாலும் பரவால்ல. நீ இருந்தா போதும்."

இதைச் சொல்லிவிட்டு அந்தத் தோளைப் பிடித்து உலுக்கினாள். உட்கார்ந்த பொம்மைகளின் கை திருகி மாட்டுவது, நான் சரியாகத் திருகவில்லை. கை முழுசாகக் கழன்று அண்ணியின் கையில் வந்துவிட்டது.

அந்த மாதிரி அலறல் நான் கேட்டதில்லை. நான் பதறி, "அண்ணி, நான் இங்க இருக்கேன்" என்று கட்டிலுக்குப் பின்னாலிருந்து எழுந்தேன். என் கையிலும் ஒரு கை. அண்ணி இன்னொரு தடவை அலறினாள். அலறிக்கொண்டே அவள் கையிலிருந்த கையை என்மேல் வீசினாள். அது தேநீர் டம்ளரில் பட்டு, டம்ளர் பொம்மையின் மடியில் கவிழ்ந்தது. முதலாளியின் புதுச் சாயம்.

"பைத்தியமாடி உனக்கு!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த வீட்டில் அந்த வார்த்தை ஒழிந்து பல வருடம் ஆகிறது. டீவியில் யாராவது சொன்னால்கூட அண்ணன் இருமுவான்.

"ஆமா அண்ணி" என்றேன். "சர்டிஃபிகேட்டே இருக்கு."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, இரண்டு பேரும். பொம்மை ஒற்றைக் கையோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிரிப்பு அடங்கிய பிறகு, "ஃபேனுக்காக யாராவது சாவாங்களா அண்ணி?" என்றேன். "எனக்கு என்ன தெரியும், நீ எதுக்கு வேணும்னாலும் செய்யற ஆளு" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை கழலவில்லை.

மார்ச் 21, சனி

ஃபேன் நான்கில். பேச்சுவார்த்தை நடக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

(நிஜமான ஞாயிறு. அண்ணியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.)

சண்டை வந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அறிவிப்பாளருக்கு அப்படி இல்லை. எழுந்ததிலிருந்து இரைச்சல். அவரோடு வேறு யாரோ இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள், அவர்கள் மைக் இல்லாமலே கத்துகிறார்கள். எங்கே, எப்போது என்று எல்லாம் சொல்கிறார்கள். அதை இங்கே எழுத மாட்டேன்.

வாசலில் போய்ச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் நின்றேன், உண்மை. அப்போது பழைய பழக்கம்தான் காப்பாற்றியது, வாய் தானாகத் திறந்தது.

"அண்ணி, யாராவது கூப்பிட்டாங்களா?"

"யாரும் கூப்பிடல. எங்க கிளம்பிட்ட?"

"போகச் சொல்றாங்க அண்ணி."

"எங்க?"

அண்ணி சமையலறையிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, நல்லவேளை. கேஸ் தீர்ந்துவிட்டதா என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள்:

"சாகணும்னு இருக்கா?"

இத்தனை வாரத்தில் இந்த வீட்டில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. "இருக்கு" என்றேன். சொன்னதும் உடம்பிலிருந்து ஏதோ கனம் கொஞ்சம் இறங்கியது. சொல்ல முடிகிறதே.

அண்ணி குனிந்து என் செருப்பை எடுத்துத் தன் காலில் மாட்டிக்கொண்டாள். அவளுக்கு அது இரண்டு அளவு சின்னது, குதிகால் வெளியே நின்றது. "இது இனிமே என்னோடது. நீ எங்கயும் போக முடியாது. என்கூட டாக்டர்கிட்ட வர்ற" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டே ஒரு கையால் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, பேசி முடித்து, அண்ணனைக் கூப்பிட்டாள். டாக்சியில் நான் அண்ணனின் ஷூவில், அண்ணி என் செருப்பில், அண்ணன் குளியலறை ரப்பர் செருப்பில். வண்டிக்காரர் திரும்பித் திரும்பி எங்கள் காலையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

மார்ச் 24, செவ்வாய். வார்டு.

மறுபடி சேர்த்திருக்கிறார்கள். மருந்தை மாற்றியிருக்கிறார்கள், வாய் உலர்கிறது, எழுத்து கோணுகிறது.

அன்றைக்கு டாக்டரம்மா அறையில் நடந்தது. அண்ணன் பெருமையாக, "நாங்க ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசறதில்ல டாக்டர், நீங்க சொன்ன மாதிரியே" என்றான்.

"நான் என்ன சொன்னேன்?"

"வாதாடக் கூடாதுன்னு."

"அந்தக் குரல் கேக்குதுன்னு சொன்னா, கேக்கவே இல்லன்னு வாதாடாதீங்கன்னு சொன்னேன். உங்களுக்குக் கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லலாமே. நீங்க எதுக்கெல்லாம் ஆமாம் போட்டீங்க?"

அண்ணி ஒப்பித்தாள். ஞாயிறு, நூறு, சோபா. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நான் பதினேழாம் தேதி விஷயத்தைச் சொன்னேன். எனக்கு அவனை மாட்டிவிட ஆசை இல்லை, ஆனால் உள்ளே வைத்திருந்தால் அறிவிப்பாளர் தின்று கொழுப்பார்.

அண்ணன் முகம் வெளிறியது. "நானா? ஆமாம்னா சொன்னேன்?" என்றான். நான் தலையாட்டினேன். பெரிய மனிதன், வாத்தியார், அந்த ரப்பர் செருப்போடு குலுங்கிக் குலுங்கி அழுதான். "எனக்குப் பயமா இருக்கு பாப்பா. வாயத் திறந்தா எதாவது தப்பாச் சொல்லிடுவேனோன்னு பயம். அதான் எல்லாத்துக்கும் ஆமாம்னேன். நீ இல்லாம எனக்கு எப்படி நிம்மதி? இல்ல, இல்ல, இல்ல!" என்றான். அவன் வாயிலிருந்து வந்த முதல் 'இல்லை'. மூன்று தடவை.

"சாகணும்னு இருக்கான்னு கேட்டா, நாமளே தூண்டிவிட்ட மாதிரி ஆயிடாதா டாக்டர்?" என்றும் கேட்டான். "கேக்கறதால அந்த எண்ணம் வந்துடாது. யாரும் கேக்காதபோதுதான் அதைத் தனியா வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. உங்க மனைவி கேட்ட மாதிரி கேளுங்க. பதில் இருக்குன்னு வந்தா, அன்னிக்குச் செஞ்ச மாதிரி உடனே என்னைக் கூப்பிடுங்க. மாத்திரை உங்க கையிலயே இருக்கட்டும். கூரானதும் பூட்டியே இருக்கட்டும், ஆனா சாவியக் கண்டுபிடிங்க" என்றாள்.

கடைசியாக என்னிடம், "நாளைக்கு என்ன செய்யறதா இருக்கீங்க?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். நாளை என்கிற இடத்தில் எனக்கு ஒன்றுமே இல்லை. அதைத்தான் சொன்னேன். "சரி, இன்னிக்கு இங்கயே இருங்க" என்றாள்.

மார்ச் 29, ஞாயிறு. வார்டு.

அண்ணி வந்தாள். வார்டு ஃபேன் மெதுவாக ஓடுகிறது என்று நர்ஸோடு சண்டை. நான் நர்ஸ் கட்சி.

ஏப்ரல் 7, செவ்வாய். வார்டு.

முதலாளி வந்தார், துணிப்பையோடு. நர்ஸ் தூரத்திலேயே அடையாளம் கண்டு, "கையா, காலா?" என்று கேட்டாள். "இன்னிக்குத் தலை" என்றார். பொம்மையின் மடியில் தேநீர்க் கறை எப்படி வந்தது என்று என்னை விசாரித்தார். சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "தோள் திருகு மரை தேஞ்சிருக்கும். மாத்திடலாம்" என்றார். கதையில் அவருக்குப் பட்டது அவ்வளவுதான். புதிதாக வந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். அறிவிப்பாளர் மட்டும் பக்கத்து நடைமேடையில் பேசுகிற மாதிரி தூரத்தில் கேட்கிறார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வீடு. சாவி கிடைத்துவிட்டது, அண்ணனின் பரீட்சைத்தாள் கட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அலமாரி அப்படியேதான் இருக்கிறது, சமைக்கும்போது அண்ணி திறந்து, முடிந்ததும் பூட்டுகிறாள். எனக்கு ஆட்சேபணை இல்லை, தக்காளி வட்டமாக வருகிறது. குளியலறையில் வாய்ப்பாடு தொடர்கிறது. பதிமூணு ஏழு நூறு என்றேன். "தப்பு! முட்டாள்! தொண்ணூத்தொண்ணு!" என்று கதவு அதிரக் கத்தினான்.

ஏப்ரல் 27, திங்கள்

மோசமான நாள். அண்ணி கேட்டாள், "கொஞ்சம் இருக்கு" என்றேன். டாக்டரம்மாவிடம் போனில் பேசினோம். செருப்பு அண்ணி காலில். சாயங்காலம் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். ஒரு மூட்டை வெங்காயம். இனி ஒரு மாதத்துக்கு எல்லாவற்றிலும் வெங்காயம்தான்.

மே 8, வெள்ளி

பட்டறைக்கு அரைநாள் போய்வந்தேன். மோதிர விரல்கள் காத்துக்கொண்டிருந்தன.

காலையில் அண்ணி வழக்கம்போல அடுப்படியிலிருந்து, "மகாராணி, இன்னிக்கு எப்படி? உங்க ஆள் என்ன சொல்றார்?" என்று கேட்டாள்.

"வண்டி தயாரா இருக்காம்."

"ஃபேன் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. சாகணும்னு இருக்கா?"

யோசித்தேன். "இன்னிக்கு இல்ல" என்றேன்.

"அப்ப அவரை அப்புறமா வரச் சொல்லு. துண்டை நாற்காலியில போடாதன்னு எத்தனை தடவை சொல்றது!"

இப்போது ஹாலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஃபேன் ஐந்தில் சுற்றுகிறது, தாள் பறக்கிறது, ஒரு கையால் அமுக்கிக்கொண்டுதான் எழுத முடிகிறது. போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டிருக்கிறேன், அப்படியும் பல் கிட்டுகிறது. அண்ணி ஜம்மென்று காலை நீட்டிக்கொண்டு தூங்குகிறாள். நாளைக்கு அவள் எழுந்திருப்பதற்குள் இரண்டில் வைத்துவிட வேண்டும்.